ஆறாவது கம்பி, மூன்றாவது ஃப்ரெட்

பெங்களூரில் ஒருவர் விற்ற பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையரை வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். வால்வு என்றால் ஒலியைப் பெருக்கும், பல்பு போன்ற கண்ணாடிக் குழாய். பதினைந்து வாட். பவர் வால்வு இஎல்84 இரண்டு, முன்பக்கம் 12ஏஎக்ஸ்7 மூன்று. ஐந்தையும் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் சுற்றி, பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தேன். பெட்டிக்குப் பக்கத்து சீட். அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பத்து வருடமாக சர்ச் பாடகர் குழுவில் கடன் வாங்கிய ஆம்பில் வாசித்தவனுக்கு இதுதான் முதல் சொந்த ஆம்ப்.

வீட்டுக்கு வந்து வால்வுகளைச் செருகி சுவிட்சைப் போட்டேன். அரை நிமிடத்தில் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஏறியது. அதோடு சேர்ந்து ஒரு சத்தமும் ஏறியது. உம்ம்ம் என்று. அப்போது கிட்டாரை நான் செருகவே இல்லை. விற்றவர் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே போக்குவரத்து, வாசித்துப் பார்க்கும் ஆவலில் நானும் சத்தமாகவே வைத்திருந்தேன். அங்கே இது காதில் விழவில்லை. எங்கள் தெரு இரவு ஒன்பதுக்கே அடங்கிவிடும். அந்த அமைதியில் உம்ம் என்பது வீட்டையே நிரப்பியது.

பழையபேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருக்கிறது. பாய்க்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மர்ஃபி, புஷ், ஃபிலிப்ஸ் என்று பழைய வால்வு ரேடியோக்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். கல்யாண வீட்டு மைக்செட்டுகளும் அங்கேதான் வரும். மறுநாள் அவரிடம் போய் நின்றேன்.

"பாய், ஆம்ப்ல இரைச்சல் வருது."

"இரைச்சல்னா எப்படி தம்பி? சந்தையிலயும் இரைச்சல்தான், மழையிலயும் இரைச்சல்தான். வாயால செஞ்சு காட்டு."

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். பரவாயில்லை என்று செய்து காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தடுத்துக் கேட்டார். கிட்டாரைப் பிடுங்கினாலும் வருதா? வால்யூமைத் திருப்பினா கூடுதா, அப்படியே இருக்கா? கம்பியைத் தொட்டா குறையுதா? பெட்டியைத் தட்டினா ஏதாச்சும் ஆகுதா? எனக்கு முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரிந்திருந்தது.

"போய்க் கேட்டுட்டு வா. அதுக்கு முன்னாடி திறக்க வேணாம்."

இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். வால்வு ஆம்பில் சத்தம் வந்தால் பெரும்பாலோர் முதலில் புது வால்வு வாங்குகிறார்கள். நாலைந்து ஆயிரம் போய்விடும், சத்தம் போகாது. எந்தச் சத்தம், எங்கிருந்து என்று காதால் பிரித்துவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதற்குக் காசு வேண்டாம், ஒரு அமைதியான ராத்திரி போதும்.

அன்றிரவு ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, ஒரு சத்தம் என்று நான் நினைத்தது உண்மையில் நான்கு. எப்போதும் இருக்கும் உம்ம் ஒன்று. கிட்டாரைச் செருகினால் அதன் மேல் ஏறும் கர்ர் என்ற உறுத்தல் இன்னொன்று. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல உஸ்ஸ் என்று ஒரு சீறல். அப்புறம், மேஜையில் கை பட்டால் ஸ்பீக்கரில் டிங் என்று ஒரு மணி.

உம்மை முதலில் எடுத்துக்கொண்டேன். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் அது அசையவில்லை, முழுதாக வைத்தாலும் கூடவில்லை. இது பெரிய துப்பு. வால்யூம் குமிழுக்கு முன்னால் பிறக்கும் சத்தமாக இருந்தால் குமிழோடு கூடிக் குறைந்திருக்கும். குமிழுக்குக் கட்டுப்படவில்லை என்றால் அது குமிழுக்குப் பின்னால், பவர் வால்வுப் பக்கமோ பவர் சப்ளையிலோ பிறக்கிறது.

அடுத்தது அதன் சுருதி. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50 நேராகக் கசிந்தால் அடியாழத்தில் மெத்தென்று ஒரு உம் வரும். வால்வுகளின் ஹீட்டர் ஒயர், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், எர்த் வளையம் ஆகியவற்றிலிருந்து பெரும்பாலும் இதுதான் வரும். ஆம்புக்குள்ளே ஏசியை டிசியாக மாற்றும்போது அலையின் இரண்டு பாதியும் ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன, அதனால் துடிப்பு இரட்டிப்பாகி 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. அந்தத் துடிப்பைச் சமப்படுத்த வேண்டியது ஃபில்டர் கண்டென்சர். அது தளர்ந்துவிட்டால் 100 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். இது கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்கும்.

50ஆ 100ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி என் மடியிலேயே இருந்தது. கிட்டாரின் ஆறாவது கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) அழுத்தினால் வருவது ஜி என்ற ஸ்வரம். அதன் அதிர்வு 98 ஹெர்ட்ஸ். ஆம்பில் செருகாமலேயே அந்தக் கம்பியை மீட்டி, கிட்டாரின் உடம்பை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கம்பியின் ஒலியும் ஆம்பின் உம்மும் கலந்து, வ்வ்வா, வ்வ்வா என்று அலை போல ஏறி இறங்கியது. வினாடிக்கு இரண்டு முறை. நூறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு, அந்த இரண்டைத்தான் என் காது எண்ணியது. சுருதி சேர்க்கும்போது இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கேட்கும் அதே அலைதான். இருபது வருடம் சுருதி சேர்த்திருக்கிறேன், அதை வைத்து ஒரு கண்டென்சரைச் சந்தேகிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

(அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் அவர்கள் சொல்லும் சுருதி பி ஃப்ளாட்டுக்கும் பிக்கும் நடுவில் இருக்கும். நமக்கு ஜி.)

கர்ர் என்ற உறுத்தலின் கதை வேறு. அது கிட்டாரைச் செருகினால்தான் வரும், பிடுங்கினால் போய்விடும். பெரும்பாலான ஆம்புகளில் எதுவும் செருகாதபோது இன்புட் ஜாக் தானாகவே சேஸிஸோடு, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்தோடு, சேர்ந்து அடங்கிவிடும். அதனால் பிடுங்கியதும் நிற்கும் சத்தம் ஆம்புக்கு வெளியே இருந்து வருகிறது என்று கொள்ளலாம்: கிட்டார், கேபிள், இல்லை அந்த அறை. என் கிட்டாரில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடிப்பது போலவே அறையில் அலையும் மின்காந்த இரைச்சலையும் பிடிக்கும். இதற்காகத்தான் 1955இல் கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி நிற்கும்.

கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினேன். கிழக்கே பார்த்தால் கர்ர் அதிகம், வடக்கே திரும்பினால் பாதி. ஆக, எங்கிருந்தோ வருகிறது. ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தேன். எல்இடி பல்பை அணைத்ததும் கொஞ்சம் குறைந்தது. பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அங்கே ஃபேன் மூன்றில் ஓடியது. அதன் ரெகுலேட்டர் குமிழைச் சுழற்றினால் தொடர்ச்சியாக ஏறி இறங்கும் வகை. அது மின்சார அலையை ஒவ்வொரு துடிப்பிலும் வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டுதான் கர்ர். ஃபேனை முழு வேகத்தில் வைத்ததும் வெட்டு குறைந்து, சத்தமும் குறைந்தது. மறுநாள் நூற்றுச் சில்லறை ரூபாய்க்கு, டக் டக் என்று படிப்படியாக மாறும் ரெகுலேட்டர் வாங்கி மாட்டினேன். அதற்குள் இருப்பது கண்டென்சர்கள்தான், வெட்டு கிடையாது. பாதி கர்ர் அதோடு ஒழிந்தது. சதுர அலை இன்வர்ட்டரில் ஓடும்போதும் இதே போல உறுத்தும், கரண்ட் வந்ததும் போய்விடும். அதற்காக ஆம்பைத் திறக்காதீர்கள்.

மீதிப் பாதிக்குக் காரணம் சுவருக்குள் இருந்தது, அது பயப்பட வேண்டிய காரணம். கம்பியில் கை வைத்தால் சத்தம் குறைய வேண்டும். நம் உடம்பு ஒரு ஆண்டெனா போல இரைச்சலைச் சுமந்துகொண்டு பிக்கப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. கம்பிகள் ஆம்பின் சேஸிஸ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருப்பதால், தொட்டதும் உடம்பும் அடங்கிவிடும். எனக்கு அப்படிக் குறையவில்லை. விரலில் லேசாக ஜிவ்வென்று ஒரு உணர்வு. உடனே ஆம்பை அணைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 231. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். எனக்கு 90, 110, 70 என்று அலைந்தது. மெயினை அணைத்து பிளக் பாயிண்டைக் கழற்றினால், பச்சை ஒயர் சுவருக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பின்னில் மாட்டவே இல்லை. இத்தனை வருடம் இந்த மூன்று பின் சாக்கெட்டில் மூன்றாவது பின் வெறும் ஓட்டை.

ஒயரை மாட்டிய பிறகும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பதினெட்டு வோல்ட் காட்டியது. எர்த் குழியே காய்ந்து கிடந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மண்வெட்டி நாலடி இறங்கினால் டங் என்று பாறையில் மோதும். கிரானைட் பூமி. கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியிருந்தாலும், சித்திரையில் ஈரம் போய்விட்டால் மின்சாரம் இறங்க வழி இருக்காது. ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் அளந்தேன். நாலு வோல்ட். கம்பியைத் தொட்டதும் கர்ர் சட்டென்று அடங்கியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஹம் வருகிறது என்று மூன்றாவது பின்னை உடைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் டூ பின் அடாப்டரில் மாட்டிவிடுகிறார்கள். மைக்செட் வேலை செய்யும் பையன்கள் செய்து நானே பார்த்திருக்கிறேன். ஹம் போவதும் உண்மைதான். ஆம்ப், மிக்ஸர் இரண்டும் இரண்டு வெவ்வேறு பாயிண்டில் எர்த் ஆகி, கேபிள் வழியாகவும் சேர்ந்திருந்தால் ஒரு வளையம் உண்டாகும், அதில் ஓடும் மின்னோட்டம்தான் ஹம். பின்னை உடைத்தால் வளையமும் உடையும், ஆனால் உயிரைக் காக்கும் ஒயரும் சேர்ந்து போய்விடும். 1972இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்று நிற்பவர்கள் நாம். வளையத்தை உடைக்க வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுங்கள். முடியவில்லை என்றால் சிக்னல் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் (ஆம்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கும் சிறு பெட்டி) போட்டு, அதில் சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். எங்கள் சர்ச்சில் அப்படித்தான் சரிசெய்தோம்.

இவ்வளவு எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி பாய் கடைக்குப் போனேன், இந்த முறை ஆம்போடு. என் குறிப்பைப் படித்துவிட்டு, "அப்ப ஃபில்டர்தான்" என்றார்.

அவர் திறந்த விதத்தை மறக்க மாட்டேன். பிளக்கைப் பிடுங்கி, அதன் முனையைத் தன் கண்ணெதிரே மேஜை மேல் வைத்துக்கொண்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கையில் மட்டும் வேலை செய்தால் மின்சாரம் மார்பைக் கடந்து போகாது. ஒரு முனையில் கிளிப் மாட்டிய பெரிய வயர்வுண்ட் ரெசிஸ்டரை எடுத்து, கிளிப்பை சேஸிஸில் கவ்வவிட்டு, மறு முனையால் ஒவ்வொரு கண்டென்சரின் பாஸிடிவ் காலையும் தொட்டுப் பத்து எண்ணினார். பிறகு மீட்டர் வைத்தார். முதல் கண்டென்சரில் இன்னும் 12 வோல்ட். மறுபடி தொட்டார். ஓடும்போது அங்கே 320 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உள்ளே காத்துக்கொண்டிருக்கும். இதைச் செய்யத் தெரியாதவர்கள் தயவுசெய்து பெட்டியைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து காதால் கண்டுபிடிக்கக்கூடியதே நிறைய இருக்கிறது.

முதல் ஃபில்டரின் தலை லேசாக உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் ஈரப்பசைதான் கண்டென்சருக்கு உயிர், வருடக்கணக்கில் வால்வின் சூட்டில் அது காய்ந்துவிடுகிறது. பாய் அதே அளவில் 450 வோல்ட் கண்டென்சர் ஒன்றைப் பழையதன் மேலேயே தற்காலிகமாக ஈயம் வைத்து ஒட்டினார். கையை எடுத்துவிட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்ச் போட்டார். அரை நிமிடம் காத்திருந்தோம். உம் முக்கால்வாசி போயிருந்தது.

"இது சோதனை மட்டும்தான் தம்பி. பழசை வெட்டி எடுத்துட்டு எல்லாத்தையும் புதுசா போட்டுடலாம். ஒண்ணு போச்சுன்னா கூடப் பொறந்ததும் போகப்போகுது."

ஃபில்டர் மூன்றையும் மாற்றினோம். அளவைக் கூட்டினால் இன்னும் அமைதியாகுமே என்று கேட்டேன். வால்வு ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் வால்வு) இருக்கும் ஆம்பாக இருந்தால் முதல் கண்டென்சரைப் பெரிதாக்கினால் அந்த வால்வே அடிபடும், டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் அளவை மீறக் கூடாது என்றார்.

மிச்சமிருந்த கால்வாசிக்குக் காரணம் பவர் வால்வுகள். இந்த மாதிரி ஆம்பில் இரண்டு இஎல்84உம் எதிரெதிராக இழுக்கின்றன. இரண்டும் ஒரே அளவு மின்னோட்டம் இழுத்தால், பவர் சப்ளையில் மிஞ்சும் துடிப்பு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒன்று தளர்ந்துவிட்டால் கழித்தல் சரியாக நடக்காது. பாய் ஒரு அட்டைப் பெட்டியைத் துழாவினார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வால்வு தயாரித்த காலத்து பெல் முத்திரை போட்டவை, தூசி படிந்து கிடந்தன. அதிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துச் செருகினார். ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தால்தான் உம் கேட்டது.

டிங் என்ற மணிக்கு அவர் பென்சிலை எடுத்தார். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மரப் பக்கத்தால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். கடைசி வால்வில் டொக். நடுவில் டொக். முதல் வால்வில் டிங்ங் என்று கோயில் மணி. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி வலை தளர்ந்து, வால்வே ஒரு மைக் ஆகிவிட்டது. இதற்குத்தான் எல்லோரும் புது வால்வு வாங்குகிறார்கள். பாய் ஆம்பை அணைத்து ஆறவிட்டு, முதல் வால்வையும் மூன்றாவதையும் இடம் மாற்றினார். மூன்றும் ஒரே 12ஏஎக்ஸ்7தான். முதல் இடத்தில் அதற்குப் பின்னால் எல்லாப் பெருக்கமும் வரிசையாக நிற்கும், அங்கே மணி அடித்தால் ஊருக்கே கேட்கும். மூன்றாவது இடத்தில் அடித்தால் யாருக்கும் கேட்காது. செலவு ஒன்றுமில்லை.

தட்டிக்கொண்டிருந்தபோது இரண்டாவது வால்வின் சாக்கெட்டில் கரகர என்று ஒன்று வந்துபோனது. சாக்கெட் காலில் டிரை சோல்டர், அதாவது சரியாக ஒட்டாத ஈயம். பார்க்க ஈயம் பளபளப்பில்லாமல், சாம்பல் பூத்தது போல இருக்கும். சூடு காட்டிப் புது ஈயம் விட்டதும் சரியாகிவிட்டது. நான் கேட்டிராத ஐந்தாவது சத்தம் அது, வெளிவரும் முன்பே போய்விட்டது.

மிஞ்சியது சீறல். அதைப் பாய் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் வால்வின் பிளேட்டில் இருந்த பழைய கார்பன் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு மெட்டல் ஃபிலிம் போட்டால் கொஞ்சம் குறையும் என்றார், குறைந்தது. முழுதாக எப்போதும் போகாது. எந்த ரெசிஸ்டரிலும் சூட்டால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கும், அந்த அலைச்சலே ஒரு சத்தம். 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்து எழுதினார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார். ஆம்ப் உயிரோடு இருக்கும் சத்தம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். இப்போது அது இல்லாத ஆம்பைக் கேட்டால் எனக்கு ஏதோ குறைகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பை சர்ச்சுக்கு எடுத்துப் போகிறேன். பாட்டுக்கும் வாசகத்துக்கும் நடுவில் எல்லோரும் அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில் வால்யூமைக் குறைக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. வீட்டில், வாரம் ஒரு முறை எர்த் குழிக்கு ரெண்டு குடம் ஊற்றுகிறேன். போன சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து இருட்டிய பிறகுதான் வந்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு போனால் குழியைச் சுற்றி மண் ஏற்கெனவே நனைந்திருந்தது. அப்பா ஊற்றியிருக்கிறார். உள்ளே வந்து மீட்டரை வைத்தேன். நாலு வோல்ட்.